பாட்டரி இறங்கிய வண்டியைப் பாதுகாப்பாகக் கிளப்பும் முறை

கம்பம் பள்ளத்தாக்கில் இன்று மோட்டார் வாகனம் இல்லாத விவசாயம் அரிதாகிவிட்டது. உழுவதற்கும் மருந்தடிப்பதற்கும் டிராக்டர், விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டு செல்லப் பிக்கப் வண்டி, கேரளத்து வியாபாரிகளிடம் சரக்கை ஏற்றிவிடக் குமுளி மலைப்பாதை என்று நம் அங்கத்தினர்களின் அன்றாட வாழ்வு எஞ்சினை நம்பியே நடைபெறுகிறது. சண்முகாநதி அணையை அடுத்த ராயப்பன்பட்டியிலும், ஆனைமலையன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி முதலிய ஊர்களிலும் விளையும் பன்னீர்த் திராட்சை 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. பெருமை பெரிதுதான். ஆயினும் அப்பழத்தின் தோல் மெல்லியது. கொடியிலிருந்து அறுத்தபின் நெடுநேரம் தங்காது. ஆண்டிபட்டியை அடுத்த சக்கம்பட்டி, டி.சுப்புலாபுரம் நெசவாளர்களின் சேலைகள் ஒரு நாள் தாமதித்தால் கெட்டுப் போவதில்லை. திராட்சைக்கோ ஒரு நாள் என்பதே அதிகம்.

இத்தகைய நிலையில், பழம் ஏற்றிய வண்டியின் சாவியைத் திருப்பியதும் 'டிக்' என்ற ஓசை மட்டும் எழுந்து எஞ்சின் வாளாவிருந்தால், வண்டிக்காரர் பதறுவது இயல்பே. பதற்றத்தில் அவர் செய்யும் காரியங்களே நம்மைக் கவலை கொள்ளச் செய்கின்றன. கைக்கு அகப்பட்ட மெல்லிய ஒயரை எடுத்துப் பக்கத்து வண்டியோடு இணைப்பது, இருட்டில் தீக்குச்சி கிழித்துப் பாட்டரியை எட்டிப் பார்ப்பது, டிராக்டரின் செல்ப் மோட்டாரை ஸ்க்ரூ டிரைவரால் தொட்டுக் கிளப்புவது ஆகியவற்றைச் சங்கங்களுக்குச் செல்லும் இடங்களிலெல்லாம் நாம் கண்டு வருகிறோம். ஒரு நடைச் சரக்கைக் காக்கப் புறப்பட்டுக் கண்ணையோ காலையோ இழப்பது எவ்வாற்றானும் இலாபமாகாது. ஆதலின், இறங்கிப்போன பாட்டரியுடைய வண்டிக்கு மற்றொரு வண்டியின் பாட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்துக் கிளப்பும் முறையை, அதன் காரணங்களோடு இங்கே எடுத்துரைக்க விழைகிறோம். 'ஜம்ப் ஸ்டார்ட்' என்று பட்டறைகளில் வழங்குவது இதுவே.

பாட்டரி செய்யும் வேலை

1912-ஆம் ஆண்டில் டி.வி.சுந்தரம் ஐயங்கார் மதுரையில் பஸ் போக்குவரத்தைத் தொடங்கிய காலத்தில், மோட்டார் வண்டிகளின் எஞ்சினை முன்புறத்தில் கைப்பிடி செருகிச் சுழற்றியே கிளப்புவது வழக்கம். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று மணிக்கட்டை முறித்துவிடும். அதே 1912-இல் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் அமைத்த மின்சாரச் செல்ப் மோட்டார் காடிலாக் கார்களில் பொருத்தப்பெற்றது. மனிதனின் கை செய்த வேலையை அதன்பின் பாட்டரி ஏற்றுக்கொண்டது. அந்தப் பாட்டரியின் மூலவடிவமாகிய ஈயப் பாட்டரியை, அதற்கும் முன்னரே 1859-இல் பிரான்சு தேசத்து கஸ்தோன் பிளாந்தே கண்டறிந்திருந்தார்.

இன்றைய 12 வோல்ட் பாட்டரிக்குள் ஆறு அறைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அறையிலும் ஈயத் தகடுகள் நீர் கலந்த கந்தகத் திராவகத்தில் தோய்ந்து நிற்கின்றன. ஓர் அறை ஏறக்குறைய 2.1 வோல்ட் அழுத்தம் தருகிறது. ஆறும் வரிசையாக இணைந்து, முழுதும் ஏறிய பாட்டரி ஓய்வில் இருக்கையில் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்று காட்டினால் ஏறத்தாழப் பாதி தீர்ந்தது என்று பொருள். 12-க்கும் கீழே சென்றுவிட்டால் அநேகமாக ஒன்றும் மிச்சமில்லை.

செல்ப் மோட்டார் இழுக்கும் மின்சாரம் சாமானியமன்று. சிறு பெட்ரோல் கார்களுக்கே 100 ஆம்பியருக்கு மேலும், டீசல் பிக்கப் வண்டிகளுக்கும் டிராக்டர்களுக்கும் 300 ஆம்பியர் அல்லது அதற்கு மேலும் சில வினாடிகள் தேவைப்படுகின்றன. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதனோடு சுழலும் ஆல்டர்னேட்டர், செலவான மின்சாரத்தைப் பாட்டரிக்குத் திருப்பி ஏற்றுகிறது. நம் அங்கத்தினர்களுக்கு விளங்கும் மொழியில் சொன்னால், பாட்டரி என்பது சேமிப்புக் கணக்கு. செல்ப் மோட்டார் ஒரே தடவையில் பெருந்தொகை எடுப்பவர். ஆல்டர்னேட்டர் சிறுகச் சிறுகத் தவணை கட்டுபவர். பக்கத்து வண்டியிலிருந்து மின்சாரம் வாங்கிக் கிளப்புவது கைமாற்றுக் கடனேயன்றி வேறன்று. கடன் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் நஷ்டமின்றி அது நடைபெற வேண்டும்.

அபாயம் எங்கே இருக்கிறது?

12 வோல்ட் மனித உடலில் அதிர்ச்சி தருமளவு அழுத்தமன்று. ஆகவே பலர் இதனைத் துச்சமாகக் கருதுகின்றனர். அபாயம் மூன்று வேறு வழிகளில் வருகிறது.

முதலாவது, வாயு. பாட்டரியில் மின்சாரம் ஏறும்போது உள்ளிருக்கும் நீர் பிரிந்து ஹைட்ரஜன் என்னும் ஜலவாயுவும் பிராணவாயுவும் வெளிப்படுகின்றன. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு ஜலவாயு கலந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஆகையால் இருப்பது தெரியாது. பாட்டரி வெடித்தால் சிதறுவது வெறும் மூடியன்று. திராவகமும் சேர்ந்தே முகத்தில் தெறிக்கும்.

இரண்டாவது, திராவகம். துணியைப் பொத்தலாக்கும் அத்துளி, கண்ணில் விழுந்தால் பார்வையையே பறிக்க வல்லது.

மூன்றாவது, மிகுமின்னோட்டம். நேர்முனையும் எதிர்முனையும் ஒரு ஸ்பானராலோ கைவளையாலோ ஒன்றுபட்டுவிட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரே கணத்தில் பாய்ந்து அவ்வுலோகத்தைப் பழுக்கக் காய்ச்சிவிடும். மோதிரம் அணிந்த விரல் எலும்பு வரை வெந்துபோவது இவ்வாறே.

முதலில் நோயை அறிக

எஞ்சின் கிளம்பாத எல்லா வண்டிக்கும் நோய் பாட்டரியில் இல்லை. முன்விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புக. விளக்கு மங்கி அணையுமானால் பாட்டரி இறங்கியது என்று பெரும்பாலும் கொள்ளலாம். முனைகளின் பிடி தளர்ந்திருப்பினும் இவ்வாறே நிகழும். விளக்கு பிரகாசம் குறையாமல் எரிந்தும் செல்ப் சுழலாவிடில், பழுது செல்ப் மோட்டாரிலோ அதற்குச் செல்லும் இணைப்பிலோ இருக்கும். செல்ப் நன்றாகச் சுழன்றும் எஞ்சின் பிடிக்கவில்லையெனில் டீசல் வரத்தைக் கவனிக்க வேண்டும். அதற்குப் பக்கத்து வண்டியின் மின்சாரத்தால் பயனில்லை.

அடுத்து, பாட்டரியின் இரு முனைகளையும் பார்க்க. அங்கே வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும் உப்பும், தளர்ந்த பிடியும் மின்சாரத்தைத் தடுத்துவிடும். சாவியை எடுத்துவிட்டு, முனையைத் துடைத்து இறுக்கிய மாத்திரத்தில் கிளம்பும் வண்டிகள் பலவுண்டு.

பின்னர்ப் பாட்டரியின் உடலைப் பரிசோதிக்க வேண்டும். பக்கங்கள் உப்பியிருந்தாலும், வெடிப்புக் கண்டிருந்தாலும், திராவகம் கசிந்திருந்தாலும், அழுகிய முட்டை நாற்றம் வீசினாலும் அதற்கு ஒருபோதும் இணைப்புக் கொடுக்கலாகாது. அதைக் கழற்றி மாற்றுவதே வழி. பரிசோதிக்கக் கைவிளக்கையோ கைப்பேசி விளக்கையோ பயன்படுத்துக. தீக்குச்சியும் பீடியும் அவ்விடத்தை அணுகவே கூடாது.

இணைக்கும் முன் செய்ய வேண்டியவை

உதவும் வண்டியின் வோல்ட்டும் உதவி பெறும் வண்டியின் வோல்ட்டும் ஒன்றாயிருத்தல் இன்றியமையாதது. கார், பிக்கப், டிராக்டர் ஆகியவை பெரும்பாலும் 12 வோல்ட். கனரக லாரிகளும் பஸ்களும் இரண்டு பாட்டரிகளை வரிசையில் இணைத்து 24 வோல்ட்டில் ஓடுகின்றன. 'பெரிய வண்டியாயிற்றே, பலமாய்க் கிளப்பும்' என்றெண்ணி லாரியின் 24 வோல்ட்டைப் பிக்கப்புக்குக் கொடுத்தால் அதன் மின்னணுச் சாதனங்கள் ஒரு நொடியில் எரிந்துபோகும். மின்சாரத்தில் ஓடும் கார்களையும், பெட்ரோலும் மின்சாரமும் கலந்து ஓடும் ஹைப்ரிட் கார்களையும் அவற்றின் கைந்நூல் அனுமதித்தாலன்றி உதவிக்கு அழைக்கக் கூடாது.

கேபிள் தடித்த செம்புக் கம்பியால் ஆனதாக இருக்க வேண்டும். கார்களுக்கு 16 சதுர மில்லிமீட்டர், டீசல் பிக்கப்புக்கும் டிராக்டருக்கும் 25 சதுர மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் என்று கேட்டு வாங்குவது நலம். வீட்டுக்கு இழுக்கும் ஒயர் அம்மின்சாரத்தைத் தாங்காது. மேலுறை உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். விலை குறைந்த கேபிள்களில் உறை மட்டும் தடித்திருந்து உள்ளே கம்பி மெலிந்திருப்பதும் உண்டு, கவனித்து வாங்குக.

இரு வண்டிகளையும் கேபிள் எட்டும் தூரத்தில், ஒன்றையொன்று தொடாமல் நிறுத்துக. கியரை நியூட்ரலில் வைத்து, கைப் பிரேக்கை இழுத்து, சரிவான இடமாயின் சக்கரத்துக்குக் கல்லும் வைக்க வேண்டும். இரண்டின் சாவியும் அணைந்திருக்கட்டும். விளக்கு, ரேடியோ, விசிறி யாவும் நிறுத்தப்பட்டிருக்கட்டும். மோதிரம், கைக்கடிகாரம், உலோக வளையல், கழுத்துச் சங்கிலி ஆகியவற்றைக் கழற்றிவிடுக. துண்டையும் வேட்டியையும் இறுக்கிக் கட்டுக. சேலைத் தலைப்பைச் செருகிக் கொள்ளுக. எஞ்சின் விசிறி துணியைப் பற்றி இழுத்துவிடும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிதல் அவசியம். குழந்தைகளையும் வேடிக்கை பார்ப்போரையும் பத்தடி தள்ளி நிறுத்துக.

இணைக்கும் வரிசை

நேர்முனை, கூட்டற்குறியோடும் பெரும்பாலும் சிவப்பு மூடியோடும் இருக்கும். எதிர்முனைக்குக் கழித்தற்குறி உண்டு. மூடியின் நிறத்தை மட்டும் நம்பாது, பாட்டரியின் மேல் பொறித்துள்ள குறியைத் துடைத்துப் பார்த்தே துணிக. இங்கே சொல்லும் முறை, எதிர்முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கும் இன்றைய வாகனங்களுக்கு உரியது. பழைய ஆங்கிலேய வண்டிகள் சிலவற்றில் இது தலைகீழாக இருப்பதுண்டு. அத்தகைய வண்டியைத் தொடுமுன் மெக்கானிக்கைக் கேட்க வேண்டும்.

1. சிவப்புக் கேபிளின் ஒரு கவ்வியை, இறங்கிய பாட்டரியின் நேர்முனையில் பொருத்துக.

2. அதே சிவப்புக் கேபிளின் மறு கவ்வியை, நல்ல பாட்டரியின் நேர்முனையில் பொருத்துக.

3. கறுப்புக் கேபிளின் ஒரு கவ்வியை, நல்ல பாட்டரியின் எதிர்முனையில் பொருத்துக.

4. கறுப்புக் கேபிளின் மறு கவ்வியை, கிளம்பாத வண்டியின் எஞ்சினில், பெயிண்ட் பூசாத தடித்த இரும்புப் பகுதியில் பொருத்துக. அவ்விடம் பாட்டரிக்கு எட்டத்திலும், டீசல் குழாய், விசிறி, பெல்ட் ஆகியவற்றுக்கு விலகியும் இருக்க வேண்டும்.

நான்காவது கவ்வியை இறங்கிய பாட்டரியின் எதிர்முனையிலேயே ஏன் மாட்டலாகாது என்று அங்கத்தினர்கள் வினவக்கூடும். மின்சுற்று முழுமையாவது நான்காம் இணைப்பில்தான். ஆகவே பொறி பறப்பதும் அங்கேதான். பாட்டரியின் மேல் ஜலவாயு தங்கியிருக்கலாம். பொறியைத் தவிர்க்க இயலாவிடினும், வாயு இல்லாத இடத்தில் அது பறக்கும்படி செய்ய நம்மால் இயலும். எஞ்சினின் இரும்பு உடல் எதிர்முனையோடு முன்னரே இணைந்திருப்பதால் மின்சாரம் செல்வதற்குக் குறையொன்றுமில்லை. இவ்வொரு காரணத்தை மனத்தில் இருத்தினால் வரிசை தானே நினைவில் நிற்கும்.

சிவப்பு நேர்முனையிலும் கறுப்பு மறுபுறத்திலும் ஒழுங்காக இணைந்தால் இரு பாட்டரிகளும் பக்கம் பக்கமாய் நின்று 12 வோல்ட்டாகவே வேலை செய்யும். முனைகளை மாற்றிவிட்டாலோ, இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சேர்ந்து, அவற்றின் முழு ஆற்றலும் கேபிள் வழியே குறுக்காகப் பாயும். கேபிள் உருகும், இரு வண்டிகளின் ஆல்டர்னேட்டரும் கெடும், பாட்டரி வெடிக்கவும் கூடும். உதவ வந்தவரின் வண்டியும் சேர்ந்து பாழாவது இவ்வாறே. ஆகையால், ஒருவர் இணைக்க, மற்றொருவர் குறிகளை வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பது நல்ல வழக்கம். கணக்கேட்டில் ஒருவர் எழுத மற்றொருவர் ஒத்துப் பார்ப்பது போன்றதே இது.

கிளப்புதலும் கழற்றுதலும்

இணைத்த பின் உதவும் வண்டியின் எஞ்சினைக் கிளப்பி, 5 முதல் 10 நிமிடம் சற்றே உயர்ந்த வேகத்தில் ஓடவிடுக. இதனால் இறங்கிய பாட்டரி சிறிது வலுப் பெறும். கிளம்பாத வண்டியின் செல்பைப் போடும்போது உதவும் வண்டியை நிறுத்திவிடுமாறு சில வாகனங்களின் கைந்நூல் கூறும். அவ்வாறாயின் கைந்நூலையே பின்பற்றுக.

பின்னர், கிளம்பாத வண்டியில் முறையாக இருக்கையில் அமர்ந்து சாவியைத் திருப்புக. டீசல் வண்டியாயின், சூடேற்றும் பிளக்கைக் குறிக்கும் விளக்கு அணையும் வரை பொறுத்திருக்க வேண்டும். ஒரு முறைக்கு 10 வினாடிக்கு மேல் செல்பை இழுக்கக் கூடாது. கிளம்பாவிடில் ஒரு நிமிடமேனும் ஆறவிட்டு மறுபடி முயல்க. மூன்று நான்கு முறையில் கிளம்பாத வண்டி வேறு பழுதுடையது. மேலும் வருத்தினால் செல்ப் மோட்டாரும் சேர்ந்து கெடும்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் கேபிளை மாட்டிய வரிசைக்கு நேர்மாறாகக் கழற்றுக. எஞ்சின் இரும்பிலுள்ள கறுப்பு முதலில். நல்ல பாட்டரியின் கறுப்பு இரண்டாவது. நல்ல பாட்டரியின் சிவப்பு மூன்றாவது. உதவி பெற்ற பாட்டரியின் சிவப்பு கடைசியில். முழுதும் கழற்றும் வரை கவ்விகள் ஒன்றையொன்று தொடலாகாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பாட்டரியின் சொந்த முனைகளைக் கழற்றிப் பார்ப்பதும் கூடாது. பழைய டைனமோ வண்டிகளில் பட்டறைக்காரர் அவ்வாறு சோதித்ததுண்டு. இன்றைய ஆல்டர்னேட்டரும் மின்னணுப் பெட்டியும் அதைத் தாங்குவதில்லை.

டிராக்டர்காரர் கவனிக்க

இப்பகுதியை நம் அங்கத்தினர்கள் இருமுறை படிக்க வேண்டுகிறோம். டிராக்டரின் அருகே தரையில் நின்றுகொண்டு, செல்ப் மோட்டாரின் இரு முனைகளையும் ஸ்க்ரூ டிரைவராலோ ஸ்பானராலோ இணைத்துக் கிளப்பும் பழக்கம் உலகெங்கும் உயிர்களைக் குடித்து வருவது. டிராக்டர் கியரில் இருந்தால் எஞ்சின் கிளம்பிய கணமே வண்டி நகரும். செல்ப் மோட்டார் இருக்கும் இடமோ முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில். அங்கே நிற்பவர் விலகுவதற்குள் பெரிய சக்கரம் அவர்மேல் ஏறிவிடும். கிளட்சை மிதித்தாலன்றிச் செல்ப் சுழலாதவாறு டிராக்டர்களில் அமைத்துள்ள பாதுகாப்பு விசை இவ்விபத்தைத் தடுப்பதற்கே ஆகும். அவ்விசையை ஏமாற்றிக் கிளப்புவது தன் காவற்காரனைத் தானே கட்டிப்போடுவது போலாகும். டிராக்டரை இருக்கையில் அமர்ந்து, கிளட்சை மிதித்து, சாவியால் மட்டுமே கிளப்ப வேண்டும். சாவியால் கிளம்பவில்லையெனில் அந்த விசையையோ செல்பையோ பழுது பார்க்க வேண்டுமேயன்றிக் குறுக்கு வழி தேடலாகாது.

தள்ளிக் கிளப்பலாமா?

பழைய டீசல் எஞ்சின்கள் ஓடுவதற்கு மின்சாரம் ஏறக்குறைய வேண்டியதில்லை. தள்ளிவிட்டுக் கியரில் விட்டால் பிடித்துக்கொள்ளும். இன்றைய பிக்கப் வண்டிகளில் டீசலைச் செலுத்துவதையே மின்னணுப் பெட்டி நடத்துவதால், பாட்டரி அறவே இறங்கிவிட்டால் எத்தனை பேர் தள்ளினும் பயனில்லை. பிரேக்குக்குத் துணையாகும் சக்தியும் ஸ்டியரிங்கை இலகுவாக்கும் சக்தியும் எஞ்சின் ஓடினால்தான் கிடைக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும். ஆகையால் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மலைப்பாதைகளில் நின்றுவிட்ட வண்டியை, 'இறக்கத்தில் உருண்டால் கிளம்பிவிடும்' என்றெண்ணி விடுவது உயிரோடு விளையாடுவதே. அங்கே சக்கரத்துக்குக் கல் வைத்து, எச்சரிக்கை முக்கோணத்தை நிறுத்தி, உதவிக்குக் காத்திருப்பதே முறை.

கடனை அடைக்கும் வழி

வண்டி கிளம்பியதும் வேலை முடிந்தது என்றெண்ணலாகாது. இதுவரை கிடைத்தது கைமாற்றுதான். ராயப்பன்பட்டியிலிருந்து உத்தமபாளையம் சென்று எஞ்சினை நிறுத்தினால், அங்கேயே மறுபடி நிற்க நேரிடும். 60 ஆம்பியர்-மணிப் பாட்டரி முற்றும் இறங்கியிருந்தால், சார்ஜரில் 6 ஆம்பியர் வீதம் 10 மணி நேரத்துக்கும் மேல் ஏற்றினால்தான் முழுமை பெறும். அரை மணி ஓட்டம் அதில் ஒரு பகுதியையே ஈடுசெய்யும். ஆதலின், சரக்கை இறக்கிய அன்றே பட்டறையில் கொடுத்து ஏற்றுவித்தல் நலம்.

மல்ட்டிமீட்டர் ஒன்று கையில் இருந்தால் மற்றொரு சோதனையும் செய்யலாம். எஞ்சின் ஓடும்போது பாட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் தன் கடமையைச் செய்கிறது. 12.5-ஐத் தாண்டவில்லையெனில் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது ஆல்டர்னேட்டர் பழுதாகியிருக்கும். அந்நிலையில் புதுப் பாட்டரி வாங்கினாலும் அதுவும் இறங்கியே தீரும். முதலில் வரவை ஒழுங்கு செய்யாமல் கணக்கில் இருப்பை எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

இறங்காமல் காத்தல்

முன்விளக்கு இரண்டும் 55 வாட் வீதம் எரிந்தால் ஏறக்குறைய 9 ஆம்பியர் செலவாகும். 60 ஆம்பியர்-மணிப் பாட்டரி மூன்று நான்கு மணி நேரத்திலேயே பாதி இறங்கிவிடும். வண்டிக்குள் மறந்துபோன 5 வாட் சிறுவிளக்கும் மூன்று நாளில் அதே நிலைக்குக் கொண்டுவந்துவிடும். பருவ வேலை முடிந்து வாரக்கணக்கில் நிற்கும் டிராக்டரின் எதிர்முனையைக் கழற்றி வைப்பது சிறந்தது.

மூடி திறக்கும் பாட்டரியாயின் மாதம் ஒருமுறை நீர்மட்டம் பார்த்து, தகடுகளுக்கு மேல் நிற்குமாறு வாலைநீர் மட்டும் ஊற்றுக. கிணற்று நீரும் குழாய் நீரும் உப்புடையவை, தகட்டைக் கெடுக்கும். புதிதாகத் திராவகம் ஊற்றவும் வேண்டா. முனைகளில் பூத்த உப்பைச் சமையல் சோடா கரைத்த நீரால், அறைகளுக்குள் சொட்டாதவாறு கழுவித் துடைத்து, வாசலைன் தடவி வைத்தால் நெடுநாள் பூக்காது. வெயில் மிகுந்த நம் நாட்டில் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் பாட்டரி தன் ஆயுளை முடித்துவிடுவது இயல்பு. அடிக்கடி கைமாற்றுக் கேட்கும் முதிய பாட்டரியை மாற்றிவிடுவதே சிக்கனம். பழையதை உடைத்து ஈயம் எடுப்போரிடம் கொடுத்துவிடலாகாது. ஈயம் மண்ணையும் குழந்தைகளின் மூளையையும் கெடுக்கும் நஞ்சு. 2022-ஆம் ஆண்டு பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பாட்டரிகள் உரிய வழியில் மறுசுழற்சிக்குச் செல்ல வேண்டும் என்று விதிக்கின்றன. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம்.

தறிக்கூடத்தில் இன்வெர்ட்டர் வைத்துள்ள நெசவாளர்களுக்கும் ஒரு சொல். அங்கிருக்கும் பாட்டரியும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. காற்றோட்டமில்லாத மூலையிலும், நூல் மூட்டைகளுக்கு அடியிலும், விளக்கு மாடத்துக்கு அருகிலும் அதை வைத்தல் தகாது.

விபத்து நேரிட்டால்

திராவகம் கண்ணில் பட்டால் கசக்காமல், இமைகளைத் திறந்து பிடித்துச் சுத்தமான நீரை இடைவிடாது 20 நிமிடம் ஊற்றுக. பின்னரே 108 ஆம்புலன்ஸிலோ வேறு வண்டியிலோ மருத்துவமனைக்குச் செல்க. வழியிலும் நீர் ஊற்றிக்கொண்டே செல்வது நன்று. எண்ணெய், பால், பச்சிலை எதனையும் கண்ணில் இடலாகாது. தோலில் பட்டால் நனைந்த துணியைக் களைந்துவிட்டு நீரால் நெடுநேரம் கழுவுக. ஆகையால் கேபிளை இணைக்கும் முன்பே ஒரு குடம் நீர் பக்கத்தில் இருக்கட்டும்.

சங்கங்கள் செய்யக்கூடியது

தரமான கேபிள், மல்ட்டிமீட்டர், காப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை ஆகியவற்றை ஒவ்வோர் அங்கத்தினரும் தனித்தனியே வாங்குவது சிரமம். சங்கம் ஒரு தொகுதி வாங்கி அலுவலகத்திலோ கிட்டங்கியிலோ வைத்து, எடுத்துச் செல்பவர் பதிவேட்டில் கையொப்பமிடுமாறு செய்தால் செலவு எல்லோருக்கும் பகிர்ந்து போகும். டிராக்டர்களை வாடகைக்கு விடும் சங்கங்களுக்கு இது மிகவும் பொருந்தும். பழம் ஏற்றும் வண்டிகள் புறப்படுவது விடியற்காலையிலாகையால், அலுவலகம் திறக்கும் வரை உபகரணம் பூட்டிக் கிடப்பதில் பயனில்லை. சாவியை வைத்திருக்கப் பொறுப்புள்ள அங்கத்தினர் ஒருவரைத் தெருவுக்கு அருகிலேயே நியமிக்க வேண்டும். உள்ளூர் மெக்கானிக் ஒருவரை ஒரு மாலை அழைத்து, இணைக்கும் வரிசையை எல்லோரும் காணச் செய்துகாட்டச் சொன்னால், இக்கட்டுரையினும் அது பயன் தரும். நான்கு இணைப்புகளின் வரிசையைத் தெளிவான எழுத்தில் எழுதிக் கேபிள் பெட்டியின் மூடியிலேயே ஒட்டி வைக்கவும் வேண்டுகிறோம். விடியற்காலை இருளில், பதற்றத்தில் இருப்பவருக்கு நினைவைக் காட்டிலும் எழுத்தே துணை.